இரும்புக்காரனுக்குப் போகவிருந்த பவர் சப்ளை

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நோன்புப் பெருநாள் முடிந்து சில நாட்களில் எங்களுக்கு ஒரு கோல் வந்தது. "சேர், வாப்பாட பழைய றேடியோ சாமானெல்லாம் அறைக்குள்ள கிடக்கு. இரும்புக்காரன் கிலோ விலைக்குக் கேக்கிறான். நீங்க வந்து பாத்து வேணுமெண்டா எடுங்க, இல்லாட்டி குடுத்துருவம்" என்றார் எங்களிடம் முன்னர் படித்த ஒரு பிள்ளை. அவரது வாப்பா மௌத்தாகிப் பல வருடம். தபால் தந்தித் திணைக்களத்தில் கொழும்பில் வேலை பார்த்தவர். றேடியோக் கடையில் வாங்கிக் கேட்ட மனிதர் அல்ல அவர். உரிமம் எடுத்து, தானே செய்த ட்ரான்ஸ்மிட்டரில் உலகத்தோடு பேசியவர். மாலிபன் பிஸ்கட் டின் ஒன்றுக்குள் ஜப்பானிலிருந்தும் பழைய சோவியத் நாட்டிலிருந்தும் வந்த அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் 4எஸ்7 என்று தொடங்கும் அவரது அழைப்புக் குறி. "உங்கள் சைகை எங்களுக்குக் கேட்டது" என்பதற்கான அத்தாட்சி அட்டைகள் அவை. எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் சைகை, கடிதம் போகாத வேகத்தில் ஜப்பானுக்குப் போயிருக்கிறது. ஊரில் இது யாருக்கும் தெரியாது.

அறைக்குள் இரண்டு இரும்புத் தட்டுகள் இருந்தன. ஒன்றில் ட்ரான்ஸ்மிட்டர். 6வி6 வால்வு ஒன்று, அதற்குப் பின்னால் 807 வால்வு ஒன்று. மற்றத் தட்டில் அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம். வாவிக்காற்று தின்ற துரு, எலி கடித்த வயர், பச்சை பூத்த செம்பு.

இரண்டையும் வீட்டார் ஏன் இவ்வளவு அவசரமாக வெளியேற்றப் பார்த்தார்கள் என்று கேட்டோம். பதில் வர நேரமெடுத்தது. "2019ல சேர்..." என்று மட்டும் சொன்னார். போதும், விளங்கிவிட்டது. உயிர்த்த ஞாயிறு அன்று அந்தக் கொலைகாரர்கள் செய்ததன் பிறகு எங்கள் பக்கம் வீடு வீடாகத் தேடுதல் நடந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. அரபு எழுத்திருந்த புத்தகத்தைக்கூட என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்கள் நாங்கள். அந்த நேரம் இந்த வீட்டில் ஒரு விதவைப் பெண், வயர்கள் தொங்கும் இரும்புத் தட்டு இரண்டையும் விறகுக்குப் பின்னால் தள்ளி, மேலே கிடுகு போட்டு மூடியிருக்கிறார். அதற்கு முந்திய முப்பது வருடப் போரிலும் ட்ரான்ஸ்மிட்டர் என்ற சொல் இந்தப் பக்கம் வாய்விட்டுச் சொல்கிற சொல்லாக இருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் எங்கள் அபிப்பிராயம் வேறு. பயத்துக்கு மருந்து ஒளிப்பதும் எறிவதும் அல்ல. வெளிச்சத்தில், கடதாசியோடு, சட்டப்படி செய்வதுதான். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ட்ரான்ஸ்மிட்டர் வைத்திருக்க முடியாது. ஆகவே ட்ரான்ஸ்மிட்டர் தட்டை நாங்கள் பாடசாலைக்குக் கொண்டுவரவில்லை. உரிமம் உள்ள ஒருவரிடம் எழுத்து மூலம் ஒப்படைக்கப்பட்டது. பவர் சப்ளையை மட்டும் எடுத்தோம். அது அலை எதையும் அனுப்பாது. நிலைமாற்றி, சீராக்கி, கொள்ளளவி, தடையி, அவ்வளவுதான். க.பொ.த உயர்தர பௌதிகவியலில் எங்கள் பிள்ளைகள் படம் கீறிப் புள்ளி எடுக்கும் அதே நாலு சாமான்.

இங்கேதான் எங்கள் மனக்குறை. முழு அலைச் சீராக்கத்தை எங்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கீறுவார்கள். அம்புக்குறி, அலை வடிவம், எல்லாம் சரி. ஒரு இருவாயியைக் கையில் கொடுத்து எந்தப் பக்கம் கதோட்டு என்று கேட்டால் முழிக்கிறார்கள். குற்றம் பிள்ளைகளிடம் இல்லை. பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் எங்களிடமும், டியூஷன் நோட்டிடமும் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் வேலை தொடங்கினோம். ஆசிரியர்கள் மூன்று பேர், மாணவர்கள் எட்டுப் பேர், ஆரையம்பதியில் றேடியோ திருத்தும் அண்ணன் ஒருவர். எழுபதைத் தாண்டிய மனிதர். காத்தான்குடிப் பக்கமிருந்து ஒரு காலத்தில் சைக்கிள் கரியரில் வால்வு றேடியோவைக் கட்டிக்கொண்டு அவரது கடைக்குப் போகாத வீடு குறைவு. இடையில் இரண்டு ஊருக்கும் நடந்ததெல்லாம் நடந்தது. கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். அண்ணன் வந்து தட்டைப் பார்த்தார், குனிந்து நிலைமாற்றியை மணந்தார். "எரிஞ்ச மணம் இல்ல. நல்ல சாமான். ஆனா நனைஞ்சு கிடக்கு. இப்ப கரண்ட் குடுத்தா உள்ளுக்க அடிச்சிரும். முதல்ல காய வையுங்க சேர்" என்றார்.

காப்புத் தடையை அளந்தபோது சுற்றுக்கும் இரும்புக்கும் இடையில் 2 மெகா ஓம்தான் காட்டியது. பெரிய தகர டின்னுக்குள் நிலைமாற்றியை வைத்து, உள்ளே ஒரு 40 வாற் குண்டு பல்பை எரியவிட்டு, இரண்டு நாள் மூடி வைத்தோம். மூன்றாம் நாள் 60 மெகா ஓம். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஈரம் என்பது எங்கள் ஊரில் மாரிக்காலத்து உம்மாமாரின் முறைப்பாடு மட்டுமல்ல, அளக்கக்கூடிய ஒரு எண் என்று அன்றுதான் அவர்கள் கண்டார்கள்.

நிலைமாற்றியின் துணைச்சுற்று 500-0-500 வோல்ற், நடுவில் முனை. பழைய முறையில் 5ஆர்4 என்ற வால்வு சீராக்கியும், 4 மைக்ரோபரட் எண்ணெய்க் கொள்ளளவிகளும், ஒரு சோக்கும் இருந்தன. வால்வின் கண்ணாடி உடைந்திருந்தது, சோக்கின் கம்பி உள்ளே அறுந்திருந்தது. எண்ணெய் டின் கொள்ளளவிகளை ஒருவரும் திறக்கவில்லை. பழைய டின்களுக்குள் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம், அமெரிக்காவில் அதன் உற்பத்தியை 1979இல் தடைசெய்தார்கள். ஆகவே இப்படியான டின் யாரிடமும் இருந்தால் கத்தியால் குத்திப் பார்க்காதீர்கள், தயவுசெய்து வாவிக்குள் எறியாதீர்கள். அந்த வாவி மீனைத்தான் நாம் எல்லோரும் பகலைக்கு ஆணம் காய்ச்சுகிறோம்.

வால்வுக்குப் பதில் இருவாயி போடத் தீர்மானித்தோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் 1என்4007, தாங்கும் அளவு 1000 வோல்ற். மாணவர்களிடம் கேட்டோம், ஒரு பக்கத்துக்கு எத்தனை வேண்டும்? 500ஐ 1.414ஆல் பெருக்கினார்கள். உச்சம் 707 வோல்ற். "1000 பெரிசுதானே சேர், ஒண்டு போதும்." ஏழு பேர் ஒரே குரலில். ஒரு மாணவி மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொள்ளளவியில ஏற்கெனவே 707 இருக்குமே சேர், மற்றப் பக்கம் அந்த நேரம் மைனஸ் 707 ஆகிடும்" என்றார். ஆம், 1414 வோல்ற். ஒற்றை இருவாயி முதல் நிமிடத்திலேயே போயிருக்கும். பக்கத்துக்கு மூன்றாகத் தொடரில் போட்டோம். அந்தப் பிள்ளை பரீட்சைக்கு இதை இனி மனப்பாடம் செய்ய மாட்டார். செய்யத் தேவையில்லை.

கொள்ளளவிகளுக்கு 450 வோல்ற் தாங்கும் 100 மைக்ரோபரட் இரண்டைத் தொடரில் போட்டோம். சேர்ந்து 50 மைக்ரோபரட், 900 வோல்ற். இரண்டும் வோல்ற்றளவைச் சமமாகப் பங்கிட ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் தடையி. சோக்குக்கு அந்தப் பக்கமும் இதே சோடி.

இனி வருவதைப் பெற்றோர் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஏனென்றால் எங்களுக்கு வந்த பெரிய முறைப்பாடே இதுதான்: "பிள்ளைகளக் கொல்லப் போறீங்களா சேர்?"

நியாயமான கேள்வி. 700 வோல்ற்றில் 50 மைக்ரோபரட்டில் தேங்கும் சக்தி 12 யூலுக்குக் கொஞ்சம் மேல். நெஞ்சு வழியாகப் போனால் அது விளையாட்டில்லை. பிளக்கைக் கழற்றியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. எங்களில் ஒருவர் பல வருடங்களுக்கு முன், கழற்றி இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு பழைய அம்ப்ளிபயரில் கை வைத்தார். எதிர்ச் சுவரில் போய் மோதினார். அல்ஹம்துலில்லாஹ், தோள் நோவோடு தப்பினார். அதில் கொள்ளளவியை வடியவிடும் தடையி அறுந்திருந்தது.

இன்னொரு தவறான நம்பிக்கை, "ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே, காப்பாத்தும்" என்பது. காப்பாற்றாது. ட்ரிப் சுவிட்ச் வீட்டுக் கரண்டில் போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமா என்றுதான் பார்க்கும். நிலைமாற்றியின் அந்தப் பக்கத்தில் 700 வோல்ற் உங்கள் உடம்பு வழியாகப் போனாலும் இந்தப் பக்கத்தில் கணக்கு சமமாகவே இருக்கும். சுவிட்ச் அசையாது. எலெக்ட்ரீசியன் வேலை செய்யும் தம்பிமார் சிலருக்கே இது புதுச் செய்தியாக இருந்தது.

ஆகவே எங்கள் ஏற்பாடு இதுதான். 50 கிலோ ஓம் தடையி ஒன்று கொள்ளளவிகளை எப்போதும் வடித்துக்கொண்டே இருக்கும். அதில் 10 வாற் சூடு வீணாகிறது, ஆகட்டும், 25 வாற் தாங்கும் தடையி போட்டிருக்கிறோம். அது அறுந்தாலும் அந்த 100 கிலோ ஓம் தடையிகள் ஒரு நிமிடத்தில் வேலையை முடிக்கும். அவையும் அறுந்தால்? பீவீசீ குழாய் முனையில் செம்புக் கொக்கி, அதிலிருந்து தடையி வழியாக நிலத்தொடுப்புக்கு வயர். கொக்கியை மாட்டி, மீற்றரில் பூச்சியம் பார்த்த பிறகுதான் கை. பழைய இரண்டு வயர் பிளக்கை வெட்டி எறிந்து, மூன்று வயரும் 13 அம்பியர் பிளக்கும், இரும்புத் தட்டுக்கு எர்த்தும், உள்ளே பியூஸும் போட்டோம். உயிருள்ள சுற்றை ஆசிரியர் மட்டும்தான் அளப்பார், அதுவும் ஒற்றைக் கையால். மற்றக் கை பொக்கெட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய றேடியோக்காரர் விதி. சாரன் உடுத்து வந்த அண்ணனுக்குப் பொக்கெட் இல்லை. அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிள்ளைகளும் அதையே பழகிவிட்டார்கள், இப்போது பாடசாலை நடையில்கூட சிலர் அப்படித்தான் நடக்கிறார்கள்.

முதல் தடவை கரண்ட் கொடுத்தது ஒரு 100 வாற் குண்டு பல்ப் வழியாக. பவர் சப்ளையோடு தொடரில் பல்ப். உள்ளே எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், சாமான் தப்பும். சரியாக இருந்தால் ஒரு தடவை மின்னி மங்கும். அண்ணனின் நாற்பது வருடக் கடை நடந்தது இந்த ஒரு பல்பில். மின்னியது, மங்கியது. எட்டுப் பேரும் மூச்சுவிட்டது கேட்டது. பிறகு பல்பைக் கழற்றிவிட்டு, பாரமாக 40 வாற் பல்ப் மூன்றைத் தொடரில் கொழுவினோம். மூன்றும் எரிய, மீற்றரில் 630 வோல்ற்றைச் சுற்றி நின்றது. 807 வால்வுக்கு 600 வோல்ற்தான் கணக்கு. வேலைக்கு ஆகும்.

இனி மற்றக் கேள்வி. "எல்லார் கையிலயும் போன் இருக்கு. இந்தப் பழைய இரும்பு எதுக்கு?"

கேட்பவர்களில் பலர் 1978 நவம்பர் 23 இரவைக் கண்டிராதவர்கள். சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட இரவு அது. நாட்டில் 900க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். தென்னந்தோட்டங்கள் படுத்தன, மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. எங்களுக்கு என்ன நடந்தது என்பது கொழும்புக்குத் தெரியவே நேரமெடுத்தது. 2004 டிசம்பர் 26ஐ எங்களில் அனேகர் கண்டவர்கள். சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் எங்கள் கரையில் முதல் அலை ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. செய்தி வரவில்லை. அலை போன பிறகும் கோல் எடுக்கவில்லை. பூநொச்சிமுனையிலும் கல்லடியிலும் நாவலடியிலும் ஆட்களைத் தேடி வெறுங்காலோடு ஓடியவர்களுக்கு அந்த அமைதி எப்படிப்பட்டது என்று தெரியும்.

அந்த நேரத்தில் தெற்கில் ஒரு காரியம் நடந்தது. இலங்கை வானொலிச் சங்கத்தின் அப்போதைய தலைவர் விக்டர் குணதிலகவும் அவரது தோழர்களும் ஒரு குழுவை சிற்றலை றேடியோவோடும் 12 வோல்ற் பற்றரியோடும் ஹம்பாந்தோட்டைக்கு அனுப்பினார்கள். கொழும்பில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்திலேயே அவர்களது கட்டுப்பாட்டு நிலையம் இயங்கியது. இந்தியாவில், அந்தமான் தீவுக்கு றேடியோ நிகழ்ச்சி ஒன்றுக்காகப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, தொடர்பு அறுந்த போர்ட் பிளேயரிலிருந்து இரவு பகலாகச் செய்தி அனுப்பினார். இவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. பொழுதுபோக்குக்காரர்கள். உரிமம் எடுத்து, பழகி, ஆயத்தமாக இருந்தவர்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அனர்த்தத்துக்கு இந்த 807 ட்ரான்ஸ்மிட்டர் உதவாது. அதற்கு 600 வோல்ற்றும் வீட்டுக் கரண்டும் வேண்டும், கரண்ட்தான் முதலில் போகும். ஹம்பாந்தோட்டைக்குப் போனதுபோல் பற்றரியில் ஓடும் சின்னப் பெட்டிதான் அப்போது வேண்டும். பழைய பவர் சப்ளையை உயிர்ப்பித்தது ஊரைக் காப்பாற்றுவதற்கு அல்ல. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த, பிழைத்தால் திறக்கத் துணிந்த நாலு பிள்ளைகளை உருவாக்க. சூறாவளி இரவில் அந்தச் சின்னப் பெட்டி சும்மா இருந்தால், அதன் பியூஸையும் பற்றரி முனையையும் பார்க்கத் தெரிந்த ஒருவர் இந்தக் கரையில் இருக்க வேண்டும் அல்லவா?

இந்த நாட்டில் வானொலியே பழைய இரும்பில்தான் பிறந்தது. 1923இல் கொழும்பு தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் றேடியோ உதிரிகளை வைத்து ட்ரான்ஸ்மிட்டர் செய்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925 டிசம்பரில் அதுவே கொழும்பு வானொலியாகத் திறந்துவைக்கப்பட்டது. அந்தக் கப்பல் சாமானை அன்றைக்கு இரும்புக்காரன் கிலோ விலைக்குக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் பிள்ளை ஒருவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை, சிரித்தோம்.

"முஸ்லிம் பிள்ளைகளுக்கு ட்ரான்ஸ்மிட்டர் உரிமமா, வீண் பிரச்சினை" என்று சொன்ன பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கவலையின் காரணம் எங்களுக்கும் தெரியும். உரிமம் என்பது அரசாங்கத்திடம் போய் எங்கள் பெயரையும் விலாசத்தையும் நாங்களே எழுதிக் கொடுப்பது. எந்த அலைவரிசையில் பேசுகிறோம் என்று உலகமே கேட்கும்படி அழைப்புக் குறியைச் சொல்லிப் பேசுவது. இதைவிட வெளிச்சமான காரியம் எது? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அதற்குப் பரீட்சை வைக்கிறது. உயர்தர பௌதிகவியல் படித்த பிள்ளைக்கு அதில் பாதி தெரிந்ததுதான். கொழும்பிலும் கண்டியிலும் எடுக்கிறார்கள். வாவிக் கரையில் காத்தான்குடியிலிருந்து ஏறாவூர், ஓட்டமாவடி வரை, தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளுமாகச் சேர்ந்து ஒரு இருபது பேர் எடுத்தால் என்ன?

அந்த விதவைத் தாயைப் போன சனிக்கிழமை கூட்டிவந்து காட்டினோம். மூன்று பல்பும் எரிவதைப் பார்த்தார். "அவர் இரவைக்கு இத ஓன் பண்ணினா ஒரு ஊம் எண்டு சத்தம் வரும். அந்தச் சத்தத்துலதான் எனக்கு நித்திரை வரும்" என்றார். இப்போதும் ஊம் என்றுதான் சத்தம் வருகிறது. அது நிலைமாற்றியின் சத்தமல்ல என்பதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அறுந்த சோக்குக்குப் பதில் தற்காலிகமாகப் போட்ட ட்யூப்லைட் சோக்கின் சத்தம் அது. அதன் காப்பு இந்த வோல்ற்றளவுக்கென்று செய்ததல்ல, அதனால் நெகட்டிவ் பக்கமாக இணைத்து ஆசிரியர் முன்னிலையில் மட்டும் ஓட்டுகிறோம். நிரந்தரமாக விட முடியாது.

ஆகவே கடைசியாக ஒரு கேள்வி. யாருடைய வீட்டிலாவது மூத்தாப்பா காலத்துப் பெரிய வால்வு அம்ப்ளிபயர், பள்ளிவாசலில் கழற்றிப்போட்ட பழைய லவுட்ஸ்பீக்கர் பெட்டி, எதுவாவது கிடக்கிறதா? அதற்குள் இரண்டு வயர் மட்டும் வரும் இரும்புக் கட்டி ஒன்று இருக்கும். 10 ஹென்றி, 200 மில்லி அம்பியர் என்று எழுதியிருந்தால் எங்களுக்கு அதுதான் வேண்டும். கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டாம், மூடியைத் திறக்கவும் வேண்டாம். படம் எடுத்து இன்பொக்ஸில் போடுங்கள், அஸருக்குப் பிறகு நாங்களே வந்து பார்க்கிறோம். இரும்புக்காரன் சொன்ன விலையை நாங்களும் தருவோம்.